பட்டாளத்துக்குப் போனவரிடம் ‘ஏன் போனீங்க?’ என்று கேட்டிருக்கிறீர்களா?

ஏரிக்கரை எழுதியது:

எங்கள் ஊர் வேலூர் மாவட்டம், கணியம்பாடிப் பக்கம். அருகில் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டை அங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் இருக்கும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் நின்று படிப்பேன். எதற்காகப் போனார்கள் என்று கல்லில் இல்லை.

அதனால் அப்பாவிடம் கேட்டேன். அவர் 1985-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர், நீலகிரி வெலிங்டனில் பயிற்சி. நான் ஆறாவது படிக்கும்போது கேட்டதற்கு, “நாட்டுக்காகம்மா” என்றார். சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் அதைச் சொல்லிப் பரிசும் வாங்கினேன். சில வருஷம் கழித்து மாமாவிடம் பேசும்போது, “ஒரு ஏக்கர் மானாவாரி, அஞ்சு பேர் சாப்பிடணும். மல்லாட்டை ரெண்டு வருஷம் பொய்ச்சுப் போச்சு, வேற எங்க போறது?” என்று சொன்னது காதில் விழுந்தது. அப்படியானால் என்னிடம் சொன்னது பொய்யா என்று ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது.

2023-ல் தம்பி அக்னிவீர் ஆள் எடுப்புக்குத் தயாரானான். விடியற்காலை நாலரைக்கு ஏரிக்கரையில் ஓடுவான், நான் போனில் நேரம் பார்ப்பேன். 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் முழு மார்க். அவனுக்கு 5.41-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஒரு நாள் ஓடி முடித்து மதகு ஓரமாக வாந்தி எடுத்துவிட்டு, ஷூ லேஸைக்கூட அவிழ்க்காமல் அப்படியே மல்லாந்து கிடந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு வருஷ வேலை, அதற்கப்புறம் நாலில் ஒரு பங்குப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், இதற்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். அவன் பேசவில்லை. மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்த அப்பாதான் பேசினார்.

“எதிர்வீட்டுப் பெரியப்பா லீவுல வந்தாரு. கறுப்புத் தகரப்பெட்டி, மேல வெள்ளைப் பெயின்ட்ல பேரும் நம்பரும். பஸ்ஸை விட்டு எறங்கி, தோள்ல வச்சிக்கிட்டே நடந்து வந்தாரு. திண்ணையில இருந்த எங்கப்பா எழுந்து நின்னாரு. எங்கப்பா யாருக்கும் எழுந்து நான் பார்த்ததில்ல. அந்தப் பெட்டியை நானும் தூக்கணும்னு தோணிச்சு. சண்டை, துப்பாக்கி ஒண்ணும் அப்ப மனசுல இல்ல.”

சரி, அப்புறம் சண்டையில் எதற்காக நின்றீர்கள் என்று கேட்டேன். 1987-ல் அமைதிப்படையோடு அப்பாவை இலங்கைக்கு அனுப்பினார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. “பக்கத்துல ஒரு கொல்லத்துக்காரன் படுத்திருந்தான். அவன் எழுந்து ஓடல. நான் மட்டும் எப்படி ஓடுறது?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அங்க ஒரு அம்மா, தம்பி நீங்களும் தமிழ்தானேன்னு கேட்டாங்க” என்றார். அதோடு இறங்கிப்போய், ஏற்கெனவே கழுவிய முகத்தை மறுபடியும் கழுவினார்.

அப்பா எதையும் பொய்யாகச் சொல்லவில்லை என்று இப்போது நினைக்கிறேன். போவதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது, போன இடத்தில் வேறு காரணம் சேர்ந்திருக்கிறது. நாடு என்ற சொல்லை அவர் மனதார அறிந்துகொண்டதே சேர்ந்த பிறகாக இருக்கலாம். உங்கள் வீடுகளில் என்ன பதில் கிடைத்தது? எழுதுங்கள்.

கீழத்தெரு எழுதியது:

அக்கா, எங்கள் தாத்தா 1942-ல் சேர்ந்தவர். அதற்கு முந்தைய காலத்தில், மதராஸ்காரர்கள் போர்க்குணம் இல்லாதவர்கள் என்று வெள்ளைக்காரர்களே முடிவு கட்டி, தென்னாட்டில் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஜெர்மனியும் ஜப்பானும் நெருக்கியதும் நாங்கள் வீரர்கள் ஆகிவிட்டோம். தாத்தா பர்மா வரைக்கும் போய் வந்தார்.

அவரிடம் காரணம் கேட்டால் பூட்ஸைக் காட்டுவார். எங்கள் ஆட்கள் ஊர்த் தெருவுக்குள் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் லீவில் வந்தபோது யூனிஃபார்மோடும் பூட்ஸோடும் அந்தத் தெரு வழியாகவே நடந்து வீட்டுக்கு வந்தாராம். கல் பாவிய தெரு. “சத்தம் எனக்கே கேட்டுச்சுடா” என்பார். யாரும் எதுவும் சொல்லவில்லையாம். லீவு முடிந்து போகும்போதும் அதே தெருவில்தான் போயிருக்கிறார். அவர் யாரோடு சண்டை போடப் போனார் என்று எனக்கு அதில் புரிந்தது.

வடலி எழுதியது:

தங்கச்சி, உங்கட அப்பா வந்த இடத்தில் இருந்தவன் நான். 1983 யூலையில், தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்தபோது, எனக்குப் பன்னிரண்டு வயது. கொழும்பில் கடை வைத்திருந்த சித்தப்பா குடும்பம் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியது. சித்தி உடுத்த உடுப்போடு வந்திருந்தா. கையில் கடைத் திறப்பு (சாவி) மட்டும். கடை எரிந்து போய்விட்டது, திறப்பை ஏன் கொண்டு வந்தா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணாவின் கூட்டாளி ஒருவர் அடுத்தடுத்த நாட்களில் வந்து அந்தத் திறப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவர், கணக்கில் கெட்டிக்காரர். ஒரு மாதத்துக்குள் சைக்கிளை எங்கள் படலையில் சாத்திவிட்டு, ஆயுதம் தூக்கிய ஓர் இயக்கத்துக்குப் போய்விட்டார். அப்போது எத்தனையோ இயக்கங்கள் இருந்தன. எது சரி என்று ஆராய்ந்து அவர் போகவில்லை, தெரிந்த பெடியன் எதில் இருந்தானோ அதில் சேர்ந்தார். அவருடைய அம்மா அந்தச் சைக்கிளை வாங்க வரவே இல்லை. வாங்கினால் மகன் திரும்பமாட்டான் என்று பயந்திருப்பா.

இன்னொன்றும் எழுத வேண்டும். போரின் கடைசிக் காலத்தில் வன்னியில் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகளையும் விரும்பிப் போனவர்களோடு சேர்த்து எண்ணாதீர்கள்.

ஏரிக்கரை எழுதியது:

தம்பிக்கு இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. ஓடுவதை நிறுத்தவும் இல்லை.

நேற்று ராத்திரி எல்லாப் பதிவுகளையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூட்ஸ் சத்தம் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். வடலி அண்ணா எழுதியதைத் திரும்பவும் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும், “எந்த ஊருன்னு கேளு” என்றார்.

அண்ணா, எந்த ஊர்?