இதயத் துடிப்புச் சிகிச்சைக்கு நீளும் காத்திருப்பு

கேள்வி:
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவன் நான். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பதாகச் சொல்லி இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுத்தார்கள். தவறான துடிப்பைக் கிளப்பும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் சிகிச்சைக்குப் பெயர் பதிந்து பதினொரு மாதங்களாகியும், கொடுத்த தேதி இருமுறை தள்ளிப்போய்விட்டது. இரவில் நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் மனைவி விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை அருகிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சிகிச்சை கிடைக்கும்வரை நான் என்ன செய்வது?

பதில் 1:
ஐயா, காத்திருப்பதைவிட மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைப்பதால், முருங்கைக்கீரையை ஒரு வாரம் நிறைய உண்டு மறுவாரம் அறவே விட்டுவிடாமல், ஒரே அளவாக உண்ணுங்கள். நாட்டு மருந்து எதுவானாலும் (நம் தோட்டங்களில் அதற்கா பஞ்சம்!) மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.

பதில் 2:
படபடப்பு வந்த நாள், நேரம், நீடித்த நிமிடங்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் அக்காவின் தேதியும் தள்ளிக்கொண்டே போனது. அத்தகைய குறிப்பைப் பார்த்த பிறகே மருத்துவர் அதை முன்னுக்குக் கொண்டுவந்தார். மயக்கம், நெஞ்சுவலி, வாய்க்கோணல் எது வந்தாலும் தேதிக்காகக் காத்திராமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நோட்டு வாங்கிவிட்டேன், மனைவிதான் எழுதுவாளாம்.