ரெண்டரை வயசுப் பாப்பா: ஜெர்மன் கீட்டாவா, ஊர்ல பாட்டி வீடா?

ஈரோட்டு மருமகள்:
ஆகஸ்ட்ல பெர்லின் வந்தோம். வீட்டுக்காரருக்கு ப்ளூ கார்டு, அதாவது படிச்சவங்களுக்குக் குடுக்கற வேலை விசா, எனக்கும் இப்ப ஒரு ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க. பாப்பாவுக்கு ரெண்டு வயசு எட்டு மாசம். பக்கத்துத் தெரு கீட்டாவுல, அதான் பகல்ல குழந்தைங்களைப் பாத்துக்கற பள்ளியில, இடம் கிடைச்சிருக்குங்க, முழுக்க ஜெர்மன். அவளுக்குத் தமிழைத் தவிர ஒண்ணும் தெரியாது. தாகம் எடுத்தா "தண்ணி"ம்பா, அங்க யாருக்குப் புரியும்? அத்தை, "நீங்க நிலைகொள்ற வரைக்கும் ஆறு மாசம் எங்ககிட்ட விட்டுடு சாமி"ங்கறாங்க. ராத்திரி தூக்கமே இல்லை. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வடபழனி வாசு:
கீட்டா வேண்டாம். அத்தை வீடும் எனக்குப் பிடிக்கலை, ஆனா ரெண்டுல ஒண்ணுன்னா பாட்டிதான். எங்க பையனை ரெண்டு வயசுல கீட்டாவுல விட்டோம். ஆறே மாசத்துல ஜெர்மன்ல வெளுத்து வாங்கினான், எல்லாரும் பாராட்டினாங்க. இப்ப ஏழு வயசு. ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல எங்கம்மா "சாப்டியாடா கண்ணா"ன்னா, என் பக்கம் திரும்பி "வாஸ் சாக்ட் ஸீ?"ங்கறான். பாட்டி என்ன சொல்றாங்கன்னு என்கிட்ட கேக்கறான்! பேரனுக்கும் பாட்டிக்கும் நடுவுல நான் துபாஷி. மூணரை வயசு வரைக்கும் வீட்லயே வச்சுத் தமிழை ஊற விடுங்க. வேலை எங்கயும் ஓடிடாது.

நொய்க்கோல்ன் அம்மா:
வேலை ஓடாதுன்னு சொல்றது எப்பவும் ஆம்பளைங்கதான்.

ஒரு வயசு முடிஞ்ச குழந்தைக்கு இடம் தரணும்னு 2013லேர்ந்து சட்டமே இருக்கு. பெர்லின்ல 2018 ஆகஸ்ட்லேர்ந்து ஃபீஸும் இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் மாசம் கொஞ்சம் கட்டணும். ஆனா குட்ஷைன்னு கீட்டாவுக்காக அரசாங்கம் தர்ற சீட்டைக் கையில வச்சிட்டு நான் எத்தனை கீட்டா வாசல் ஏறினேன்னு எனக்குத்தான் தெரியும். கிடைச்ச இடத்தை விட்டுடாதீங்க.

முதல் நாளே விட்டுட்டுப் போகச் சொல்ல மாட்டாங்க. ஐன்கெவோனுங்னு பழக்கற காலம் உண்டு. முதல் மூணு நாள் நீங்களும் கூடவே உக்காரணும். நாலாவது நாள் என்னை வெராந்தாவுக்கு அனுப்பினாங்க. முழங்கால் உயர நாற்காலி, எதிர்ல வரிசையா குட்டி குட்டி பூட்ஸ், உள்ளேர்ந்து "அம்மா"ன்னு அலறல். கொஞ்ச நிமிஷத்துல டீச்சரே கதவைத் திறந்து கூப்பிட்டுட்டாங்க. எங்களுக்கு மூணு வாரம் பிடிச்சுது. ஒரு மழை நாள் வீட்டுக்கு வந்து, "அம்மா, சாக்ஸ் நாஸ்"னா. ஈரம்ங்கறதுதான் அவ கத்துக்கிட்ட முதல் ஜெர்மன் வார்த்தை.

தண்ணிக்குக் கவலைப்படாதீங்க. தண்ணி, மூச்சா, வலிக்குது, தூக்கம்னு பத்து வார்த்தையை ஜெர்மன் எழுத்துல எழுதிக் குடுத்தேன். டீச்சர் அதை அலமாரிக் கதவுல ஒட்டி வச்சிருந்தாங்க.

வடபழனி வாசு:
முதல் குளிர்காலத்தைப் பத்தி மட்டும் மூச்சே விடலையே? மாசத்துல பாதி நாள் சளி. காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டுப் போங்கன்னு ஃபோன். புது வேலையில எத்தனை தடவை எந்திரிச்சு ஓடுவாங்க?

ஹாம் அப்பு:
தங்கச்சி, நான் இஞ்ச ஜெர்மனியில ஹாம் நகரத்தில, காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறன். 88ல தனிய வந்தனான். மனுசியும் மகனும் வந்து சேர ஆறு வருசம் செண்டது. ஃபிராங்க்ஃபுர்ட் விமான நிலையத்தில மகன் என்னைப் பாத்து "மாமா" எண்டவன். எங்களுக்கு இலங்கையில யுத்தம், வேற வழியில்லை. நீங்கள் ஏன் பிள்ளையைப் பிரிக்க வேணும்? உங்களுக்கு ஆறு மாசம் சின்னக் காலம். அவளின்ர வயசில அது கிட்டத்தட்ட அஞ்சில ஒரு பங்கு.

தம்பி வாசு, பின்னேரம் வீட்டில என்ன பாசை கதைச்சனீங்கள்? என்ர பிள்ளையள் மூண்டும் ஜெர்மன் கிண்டர்கார்டனுக்குத்தான் போனவை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுதுதான் போறவை. இப்ப என்னோட தமிழில சண்டை பிடிக்கினம்.

வடபழனி வாசு:
ஐயா, சரியான இடத்துல கை வச்சிட்டீங்க. வீட்ல நாங்க பாதி இங்கிலீஷ்தான். ஆனா உங்களைச் சுத்தி கோயில், பள்ளிக்கூடம், சொந்தம் எல்லாம் இருக்கு. இவங்க நேத்து வந்தவங்க. அத்தையை வரவழைக்கலாம்னா விசிட் விசாவுல 180 நாளைக்கு 90 நாள்தான். ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கன்னுதான் இன்னும் சொல்வேன்.

நொய்க்கோல்ன் அம்மா:
அந்த 90 நாளைக் குளிர்காலத்துல வச்சுக்கோங்க. வாசு சொல்ற காய்ச்சல் ஃபோன் வந்தா அத்தை போய்க் கூட்டிட்டு வரட்டும். அவங்க பேரை மட்டும் முன்கூட்டியே கீட்டாவுல எழுதிக் குடுத்துடணும். தட்டம்மை ஊசி ரெண்டு தவணையும் போட்டதுக்கு அட்டை கேப்பாங்க, 2020 மார்ச்லேர்ந்து கட்டாயம். அட்டை ஊர்ல இருந்தா இப்பவே அனுப்பச் சொல்லுங்க.

ஈரோட்டு மருமகள்:
ஊருக்கு அனுப்பலைங்க. அத்தைகிட்ட சொன்னதும் ஒண்ணும் பேசாம ஃபோனை மாமாகிட்ட குடுத்துட்டாங்க. விசா பேச்சை அடுத்த வாரம் எடுக்கணும்.

கீட்டாவுலேர்ந்து லிஸ்ட் வந்திருக்கு. மாட்ஷ்ஹோஸேன்னா என்னங்க?

நொய்க்கோல்ன் அம்மா:
சேத்துல விளையாடப் போடற ரப்பர் பேன்ட். மழையானாலும் வெளிய விடுவாங்க. பேன்ட் மேல போடறதால ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. உள்பக்கம் பேர் எழுதிடுங்க, எல்லா வீட்லயும் அதே நீலக் கலர்தான்.