மீன்தொட்டி வளர்ப்பு: எந்த வாக்குவாதத்தில் இறங்குவீர்கள், எதை விட்டுவிடுவீர்கள்? (அனுபவப் பகிர்வு)

டெட்ராக்கூட்டம்:

மீன் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் வாக்குவாதம் வந்துவிடும். அதில் பலவும் எந்தக் காலத்திலும் தீராதவை. சிலவற்றில் மட்டும் நாம் பேசாமல் போனால் மீன் செத்துப்போகும். இந்த இரண்டையும் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். வாதம் எங்கே தொடங்குகிறது, எங்கே சிக்குகிறது, எதை அளந்தால் முடியும், அது போதும்.

நானே ஆரம்பிக்கிறேன். "இந்தத் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?" என்ற கேள்விக்கு யாராவது "ஒரு கேலனுக்கு ஓர் அங்குலம்" என்று பதில் சொன்னால், அந்தப் பேச்சில் நான் சேர்வதில்லை. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. அந்த விதிப்படி ஓர் அங்குல டெட்ரா பத்தும், பத்து அங்குல ஆஸ்கார் ஒன்றும் சமம். எடை போட்டால் அந்த ஒற்றை ஆஸ்கார் பத்து டெட்ராவையும் சேர்த்ததைவிட நூறு மடங்குக்குப் பக்கத்தில் நிற்கும். தின்பதும் கழிப்பதும் உடம்பைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்ததல்ல. விதியே தப்பாக இருக்கும்போது அதை வைத்து ஆறு மீனா எட்டு மீனா என்று பேசுவதில் பயனில்லை.

அதற்குப் பதில் இரண்டே விஷயம் கேட்கலாம்: வாரத்துக்கு நைட்ரேட் (மீன் கழிவை பாக்டீரியா உடைத்த பிறகு கடைசியில் மிஞ்சுவது) எவ்வளவு ஏறுகிறது, வாரம் எத்தனை சதவீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள். ஏறும் அளவை மாற்றும் பங்கால் வகுத்தால், நைட்ரேட் கடைசியில் எந்த உச்சத்தில் போய் நிலைக்கும் என்று தெரிந்துவிடும். வாரம் 10 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) ஏறுகிறது, புதுத் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்று வையுங்கள். பாதி மாற்றுகிறவருக்கு உச்சம் 20. கால்வாசி மாற்றினால் 40. வெறும் 10 சதவீதம் மாற்றுகிறவருக்கு 100. இந்த 100 ஒரே வாரத்தில் வருவதில்லை, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுகிறது. அதனால்தான் "எனக்கு 10 சதவீதமே போதுமானதாக இருக்கிறது" என்று சொல்பவரும் அவருக்குத் தெரிந்தவரையில் உண்மையைத்தான் சொல்கிறார்.

இந்த வாதம் சிக்கும் இன்னொரு இடம் டெஸ்ட் கிட். "என் தொட்டியில் நைட்ரேட் பூஜ்யம், தண்ணீரே மாற்றுவதில்லை" என்று யாராவது சொன்னால், செடி அடர்ந்த தொட்டியா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், இரண்டு பாட்டில் திரவ கிட்டில் இரண்டாவது பாட்டிலைக் குலுக்கினாரா என்று கேளுங்கள். அதிலுள்ள பொருள் அடியில் படிந்து இறுகும் தன்மை உடையது. அரை நிமிடம் பலமாகக் குலுக்கி, சொட்டு விட்ட பிறகு டியூபையும் ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் நிறம் பார்க்க வேண்டும். குலுக்காமல் விட்டால் எந்தத் தொட்டியும் சுத்தமாகத்தான் காட்டும்.

செவுள்:

"அம்மோனியா 0.5 காட்டுகிறது, ஆபத்தா?" இந்தக் கேள்விக்கு ஒருவர் உடனே தண்ணீரை மாற்றச் சொல்வார், இன்னொருவர் பயப்பட ஒன்றுமில்லை என்பார். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தெரியாமல் இரண்டு பக்கமும் பேசுவதை நான் கவனிப்பதே இல்லை. கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்வது அயனியாகாத பகுதி மட்டும், அயனியான பகுதியான அம்மோனியம் அவ்வளவு ஆபத்தில்லை. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் அது 0.6 சதவீதத்துக்கும் கீழே. பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். 8.5 என்றால் 15 சதவீதம். நீண்ட நாளைக்கு 0.02 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. 0.5 காட்டும் தொட்டி பிஎச் 7ல் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கும், பிஎச் 8ல் அதைத் தாண்டியிருக்கும். ஆக ரெண்டு பேரும் அவரவர் தொட்டிக்குச் சரியாகத்தான் பேசியிருப்பார்கள்.

இதோடு ஒட்டிய ஒரு வாதத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: "தண்ணீர் மாற்றினதால்தான் மீன் செத்தது." கேட்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள், ஆனால் அவர் சொல்வது நடந்திருக்கக்கூடியதே. தண்ணீரே மாற்றாத பழைய தொட்டியில் பாக்டீரியா அம்மோனியாவை உடைக்க உடைக்க, பிஎச்சைச் சரியாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை (கேஎச்) தீர்ந்துகொண்டே வரும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம் கார்பனேட் கணக்கில் போகும். கேஎச் பூஜ்யத்தைத் தொட்டதும் பிஎச் சரிந்து 6க்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த பிஎச்சில் பாக்டீரியா வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது, அம்மோனியா சேர ஆரம்பிக்கிறது. ஆனால் அமிலத் தண்ணீரில் அது கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியமாக இருப்பதால் மீன் நன்றாகவே நீந்தும், தீனி எடுக்கும். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஒருநாள் சுத்தம் செய்கிறோம் என்று பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு பிஎச் 8 உள்ள தண்ணீரை ஊற்றுகிறார்கள். பிஎச் எகிறுகிறது, சேர்ந்திருந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. சில மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும், செவுள் சிவந்து தெரியும்.

அப்படிப்பட்டவரிடம் வாதம் செய்யாமல் செய்முறையைச் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீர், புதுத் தண்ணீர் இரண்டிலும் பிஎச், கேஎச் பார்க்க வேண்டும். தொட்டியில் அம்மோனியாவும் பார்க்க வேண்டும். பிஎச் வித்தியாசம் 1க்கு மேல் இருந்து அம்மோனியாவும் காட்டினால், ஒரே நாளில் பாதி மாற்றவே கூடாது. அம்மோனியாவையும் கட்டும் வகை ஆன்டி குளோரின் (குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கும் மருந்து) போட்டு, தினம் 10 சதவீதம் மாற்றிக்கொண்டே வந்து, நடுவில் அளந்து பார்த்துப் போக வேண்டும். தீனியை அதுவரை நிறுத்தி வைக்கலாம்.

கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியா வேலை செய்யுமா செய்யாதா என்ற சண்டையும் இதே ரகம். மீன் விடுவதற்கு முன் தொட்டியில் 2 பிபிஎம் அம்மோனியா விட்டு 24 மணி நேரம் கழித்து அளந்தால், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக வருகிறதா என்று தெரிந்துவிடும். வந்தால் சைக்கிள் ஆகிவிட்டது, அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் நிலைத்துவிட்டது. எந்த பாட்டில் என்ற பேச்சுக்கே அப்புறம் இடமில்லை.

ஸ்பான்ஜ் ஃபில்டர்:

ஃபில்டர் கேனிஸ்டரா ஸ்பான்ஜா, உள்ளே பாக்டீரியா தங்கும் மீடியா செராமிக் ரிங்கா பயோபாலா, எந்த பிராண்ட்: மூன்றிலும் நான் வாய் திறப்பதில்லை. மேலே செவுள் சொன்ன 24 மணி நேரச் சோதனையில் தேறும் எந்த ஃபில்டரும் நல்ல ஃபில்டர்தான்.

கரண்ட் போன பேச்சு வந்தால் மட்டும் உள்ளே வந்துவிடுவேன். கேனிஸ்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் பாக்டீரியா அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டரை அப்படியே ஆன் செய்தால் அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் வரும். முதலில் கேனிஸ்டர் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்து அதில் மீடியாவை அலசி, பிறகு ஓட விடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் மிச்ச பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

உப்புக்கல்:

வெள்ளைப்புள்ளி நோய். சூடேற்று என்பார் ஒருவர், உப்பு போடு என்பார் ஒருவர், மருந்துதான் என்பார் இன்னொருவர். மூன்றுமே வேலை செய்யும் இடம் உண்டு. என்ன மீன், கூட இறாலோ நத்தையோ இருக்கிறதா, இப்போது எத்தனை டிகிரி, இந்த மூன்றும் சொல்லாதவரை நான் பதில் எழுத மாட்டேன்.

அதற்கும் முன்னால் ஒன்று: அது வெள்ளைப்புள்ளிதானா? ஆண் கோல்ட்ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் முள்ளிலும் வெள்ளை முத்து முத்தாக வரும். அது நோயே இல்லை. புள்ளிகள் அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஒழுங்காக இருந்து, வாலிலும் உடம்பிலும் ஒன்றும் இல்லாவிட்டால் மருந்து பாட்டிலைத் தொட வேண்டாம். நோய் என்றால் தூள் உப்பைத் தூவினாற்போல உடம்பு, துடுப்பு, வால் எல்லா இடத்திலும் சிதறி இருக்கும், மீன் கல்லில் உரசும்.

மருந்து சரியில்லை என்ற புகாரில் பெரும்பாலும் தப்பு மருந்தில் இருக்காது, நிறுத்திய நாளில் இருக்கும். மீனின் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது கீழே விழுந்து பெருகி, குஞ்சுகள் தண்ணீரில் நீந்தித் திரியும் நேரத்தில்தான் மருந்துக்கும் உப்புக்கும் அது சிக்கும். புள்ளி மறைந்தது என்றால் அடுத்த தலைமுறை தரையில் தயாராகிறது என்று பொருள். மூன்றாம் நாள் புள்ளி உதிர்ந்ததும் நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வாரம் இரட்டிப்பாகத் திரும்பி வருவது இதனால்தான். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் வெதுவெதுப்பான தொட்டியில் ஒரு வாரமாவது தொடர வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் சுற்று மெதுவாக நடப்பதால் இன்னும் கூடுதல் நாள் ஆகும்.

சூடேற்றுவதானால் ஒரே நாளில் ஏற்றாமல் படிப்படியாக 30 டிகிரிக்குக் கொண்டுபோய், கூடவே ஏர் ஸ்டோன் கட்டாயம் போடுங்கள். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30ல் 7.6தான். ஃபார்மலின் கலந்த மருந்தும் ஆக்சிஜனைக் குறைக்கும், அதையும் அதிகச் சூட்டையும் சேர்க்காதீர்கள். கோல்ட்ஃபிஷ் போன்ற குளிர்நீர் மீனுக்கு 30 வேண்டவே வேண்டாம். செம்பு கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொல்லும். மருந்து போடும் முன் ஃபில்டரில் இருக்கும் கரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

பச்சைக்கம்பளம்:

செடித்தொட்டியில் "லிட்டருக்கு எத்தனை வாட்" என்று தொடங்கும் எதையும் தாண்டிப் போய்விடலாம். அது டியூப் லைட் காலத்துக் கணக்கு. எல்இடியில் ஒரே வாட்டில் ஒளி பல மடங்கு வித்தியாசப்படும்.

செடிக்கு விடும் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வாயுவைப் பற்றிய பேச்சு அப்படியல்ல. "பிஎச் 6.6, கேஎச் 4, ஆகவே எனக்கு 30 பிபிஎம்" என்று அட்டவணை பார்த்துச் சொல்வார்கள். 3 ஐ கேஎச்சால் பெருக்கி, பிறகு 10ன் அடுக்கு 7 கழித்தல் பிஎச்சால் பெருக்கினால் 30 வருவது சரிதான். ஆனால் தண்ணீரில் கார்பனேட்டும் சிஓ2வும் தவிர வேறு அமிலமே இல்லை என்றால்தான் அந்தக் கணக்கு நிற்கும். மரக்கட்டையின் டானின், செடி மண், பாஸ்பேட் எல்லாம் பிஎச்சை மாற்றும். சிஓ2 அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கருக்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றுகிறவர்களுக்கும் இதே சிக்கல். அதில் தனியாகத் தயாரித்த கேஎச் 4 தண்ணீர்தான் இருக்க வேண்டும். அப்போது நீலம் குறைவு, பச்சை 30ஐ ஒட்டி, மஞ்சள் அதிகம். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிந்தும் என்பதால் செக்கர் பச்சையாக இருக்கும்போதே மீன் திணறலாம். லைட் போட்ட பிறகு மீன் எல்லாம் மேலே வந்து நின்றால் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். வாயுவை மூடுங்கள், மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி பம்பைத் திருப்புங்கள்.

பாசிக்குக் காரணம் நைட்ரேட்டா பாஸ்பேட்டா என்ற சண்டையில் லைட் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லாதவரை நான் அந்தப் பக்கம் போவதில்லை. பத்து மணி நேரம் எரிந்தால் முதலில் ஆறாகக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டெட்ராக்கூட்டம்:

எல்லோருக்கும் நன்றி. "இத்தனை வருஷமாக வளர்க்கிறேன்" என்ற வாக்கியம் வந்தால் அங்கே நின்றுவிடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு எந்த அளவும் வெளியே வருவதில்லை.

ஃபைட்டர் மீனைக் கிண்ணத்தில் வைக்கும் பேச்சில் மட்டும் பொறுமையாக நில்லுங்கள். அது காற்றைச் சுவாசிக்கும் என்பது உண்மை, அதை மறுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். காற்றைச் சுவாசித்தாலும் அம்மோனியாவைச் செவுள் வழியாகத்தான் வெளியேற்றுகிறது, வெளியேற்றியது அந்த ஒரு லிட்டரிலேயே சுற்றுகிறது, அவ்வளவு சிறிய தண்ணீரில் சூட்டையும் நிலையாக வைக்க முடியாது. இந்த மூன்றையும் சொன்னால் கேட்பவர்கள் பலர் பெரிய தொட்டிக்கு மாறிவிடுகிறார்கள்.

செவுள், ஒரு சந்தேகம். "குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்தால் போதும்" என்ற வாதத்தை நீங்கள் விடுவீர்களா?

செவுள்:

விடமாட்டேன். அந்த நம்பிக்கை தொட்டியிலுள்ள மீன் அத்தனையையும் ஒரே இரவில் கொன்றுவிடக்கூடும். வெறும் குளோரின் என்றால் திறந்த வாளியில் ஒரு நாளில், ஏர் ஸ்டோன் போட்டால் இன்னும் சீக்கிரம், வெளியேறிவிடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) என்றால் அப்படிப் போகாது, ஒரு நாள் கழித்தும் அங்கேயே இருக்கும். எது வருகிறது என்று தண்ணீர் விநியோகம் செய்பவர்களைக் கேட்கலாம், அல்லது மொத்த குளோரினும் தனிக் குளோரினும் காட்டும் பட்டையால் பார்க்கலாம். மொத்தம் அதிகமாகவும் தனி கிட்டத்தட்ட இல்லாமலும் இருந்தால் குளோரமின். சோடியம் தயோசல்பேட் மட்டும் உள்ள ஆன்டி குளோரின் அதிலிருந்து குளோரினை எடுத்துவிட்டு அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். ஓடிப் பழகிய ஃபில்டர் அதைச் சமாளிக்கும். பிஎச் 8 உள்ள புதுத் தொட்டி சமாளிக்காது. இன்னொன்று, குழாயிலிருந்து நேராகத் தொட்டிக்குள் தண்ணீர் விடுவதானால் ஆன்டி குளோரினின் அளவைப் புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு அல்ல, தொட்டியின் முழுக் கொள்ளளவுக்குக் கணக்கிட்டு, குழாயைத் திறக்கும் முன்பே போட்டுவிடுங்கள்.