டிவியில் விற்கும் விசித்திரப் பொருட்கள்: ரசிக்கலாமா, ஒதுக்கலாமா?

பழைய அலமாரி:
ஆள் நடமாட்டம் தெரிந்ததும் சுவரில் மாட்டிய ரப்பர் மீன் தலையைத் திருப்பிப் பாடுகிறது. மண்ணால் செய்த செம்மறி ஆட்டின் மேல் ஊறிய விதையைப் பூசி வைத்தால், சில நாளில் உடம்பெல்லாம் பச்சை ரோமம். இதையெல்லாம் டிவியில் விற்கும்போது வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பேன். யாரோ ஒருவர் உட்கார்ந்து இப்படி யோசித்திருக்கிறாரே என்று சந்தோஷமாக இருக்கும். என் அலமாரியில் இந்த மாதிரி ஏழு இருக்கின்றன. ஒன்றையும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

கணக்கர்:
அவர்கள் விற்பது அவசரத்தை. திரை ஓரத்தில் கடிகாரம் பின்னோக்கி ஓடும், மிச்சமிருக்கும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். அந்தப் பதற்றத்தில்தான் நான் சுருங்கி விரியும் தோட்டக் குழாய் ஒன்றை வாங்கினேன். மூன்றாவது வாரம் வெடித்தது. திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில்.

பழைய அலமாரி:
உங்கள் கோபம் நியாயம். குழாயை வேலைக்காக வாங்குகிறோம், வேலை செய்யாவிட்டால் ஏமாற்றுதான். மீன் அப்படியில்லை. பாடும் என்றார்கள், பாடுகிறது. அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

வானொலி நேயர்:
இந்த வியாபாரம் பிறந்த கதையைக் கேளுங்கள். 1977-ல் அமெரிக்காவின் புளோரிடாவில், விளம்பரப் பாக்கியைக் கட்ட முடியாத ஒருவர் வானொலி நிலையத்துக்குப் பணத்துக்குப் பதிலாக டப்பா திறக்கும் கருவிகளைக் கொடுத்தார். மொத்தம் 112. அறிவிப்பாளர் பாப் சர்கோஸ்டா நிகழ்ச்சியிலேயே அவற்றைப் பற்றிப் பேச, எல்லாம் விற்றுவிட்டன. 1982-ல் அது கேபிள் டிவிக்குப் போனது, 1985-ல் நாடு முழுக்கப் பரவியது. முதலில் வாங்கியவர்கள் பொருளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனிதர் ஆசையாகப் பேசியதைக் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும்.

கணக்கர்:
நானும் அதைத்தான் சொல்கிறேன். பெட்டியைப் பிரிக்கும்போது அந்தப் பேச்சு கூட வருவதில்லை. கையில் இருப்பது பிளாஸ்டிக். பேட்டரி தீர்ந்தால் பரணுக்குப் போகும், அப்புறம் குப்பைக்கு. ஒரு வாரச் சிரிப்புக்காக இத்தனை பிளாஸ்டிக் வேண்டுமா?

பழைய அலமாரி:
ஒரு வாரம் இல்லை. கை தட்டினால் எரியும் விளக்கு ஒன்றை விளையாட்டாகத்தான் வாங்கினேன். அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தபோது, நடு ராத்திரி யாரையும் எழுப்பாமல் அவரே இரண்டு தட்டு தட்டி வெளிச்சம் போட்டுக்கொள்வார். இருமினாலும் சில சமயம் எரியும். அதையும் அம்மா ரசித்தார். இப்போது நன்றாக நடக்கிறார். இருந்தாலும் அந்த விளக்கை எடுக்கக் கூடாது என்கிறார்.

கணக்கர்:
அந்த விளக்கை ஒப்புக்கொள்கிறேன். மீன்? அது பழுதானால் பிரிக்க முடியுமா, இல்லை மொத்தமாக ஒட்டியிருக்கிறார்களா?

பழைய அலமாரி:
என்னுடையதில் பின்பக்கம் திருகாணிதான். உள்ளே ஒரு ஒயர் இரண்டு தடவை விட்டுப்போனது, நானே பற்ற வைத்தேன். வால் கொஞ்சம் மெதுவாக ஆடுகிறது, மற்றபடி பாடுகிறது.