சேப்பாக்கம் எழுந்து நின்றது ஏன், ஈடன் எரிந்தது ஏன்?

பட்டாபிராமன் கேட்:

1999 சேப்பாக்கம் டெஸ்ட் என்றதும் "பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கைதட்டலின் கனம் புரியும்.

தொடரின் முதல் டெஸ்ட் டெல்லியில் நடப்பதாக இருந்தது. ஜனவரியில் சிவசேனாக்காரர்கள் கோட்லா பிட்சைத் தோண்டிப் போட்டதால் சென்னைக்கு மாற்றினார்கள். இந்திய மண்ணில் இந்த இரண்டு அணிகளும் டெஸ்ட் ஆடி 12 வருஷம் ஆகியிருந்தது. நம்மூர் சடகோபன் ரமேஷுக்கு அதுதான் முதல் டெஸ்ட். கேலரி எவ்வளவு சூடாக இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டார்கெட் 271. இந்தியா 82 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து சச்சினும் மோங்கியாவும் சேர்த்தது 136. சச்சின் முதுகுவலியோடு தனியாக அடித்ததும் 136. 254க்கு 6, இன்னும் 17 ரன்தான் வேண்டும் என்ற நிலையில் சக்லைன் வீசிய பந்தைத் தூக்கி அடித்தார், பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் கையில் விழுந்தது. மிச்சம் மூன்று விக்கெட்டும் 4 ரன்னில் போனது. 12 ரன்னில் தோல்வி. மைதானம் உறைந்து போனது. அதற்குப் பிறகுதான் ஆங்காங்கே எழ ஆரம்பித்தார்கள், பிறகு மொத்த கேலரியும் எழுந்தது. அதைப் பார்த்துத்தான் வாசிம் தன் அணியைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்.

இதில் பலரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. பாகிஸ்தானின் இரண்டாவது இன்னிங்ஸ் 275க்கு 4 என்று இருந்து 286க்கு ஆல் அவுட் ஆனது. அஃப்ரிடி 141 அடித்தும் பயனில்லை. வெங்கடேஷ் பிரசாத் 33 ரன்னுக்கு 6 விக்கெட். நம்ம ஆட்கள் 11 ரன்னில் 6 விக்கெட் சரிய வைத்ததைப் பார்த்து விசிலடித்த அதே கூட்டம், எதிரணி 4 ரன்னில் 4 விக்கெட் எடுத்தபோது அதுவும் அதே வித்தைதான் என்று ஒப்புக்கொண்டது. பெருந்தன்மை என்று சொல்வதைவிட, ஆட்டம் தெரிந்த கூட்டம் என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மூணாவது ஸ்லிப்:

ஆட்டம் தெரிந்த கூட்டம் என்றால் கல்கத்தாக்காரனுக்கு ஆட்டம் தெரியாதா அண்ணே? அதே வருஷம் பிப்ரவரியில் ஈடன் கார்டன்ஸில் என்ன நடந்தது? ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப், டார்கெட் 279. சச்சின் ரன் ஓடும்போது ஷோயப் அக்தர் மேல் மோதினார், மாற்று ஆட்டக்காரர் நதீம் கான் எறிந்தது நேராக ஸ்டம்பில் பட்டது, தர்ட் அம்பயர் அவுட் கொடுத்தார். பாட்டில் பறந்தது, ஆட்டம் நின்றது. சச்சினே வெளியே வந்து கூட்டத்தைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. கடைசி நாள் மறுபடி கலாட்டா, போலீஸ் ஸ்டாண்டுகளைக் காலி செய்தது, கிட்டத்தட்ட ஆளில்லாத மைதானத்தில் பாகிஸ்தான் 46 ரன்னில் ஜெயித்தது.

இரண்டு ஊருக்கும் வித்தியாசம் ஜனங்களின் குணத்தில் இல்லை, விக்கெட் விழுந்த விதத்தில் இருக்கிறது. சேப்பாக்கத்தில் சச்சின் அவுட் ஆனது சுத்தமான கேட்ச். ஈடனில் ஆனது வழியில் ஆள் நின்று ஏற்பட்ட ரன் அவுட். தோற்றால் கூட்டம் வாடும், ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்தால்தான் கொதிக்கும்.

ஆனால் இதற்கும் ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். அதே சேப்பாக்கத்தில் 82க்கு 5வது விக்கெட்டாகப் போன கங்குலியின் கேட்ச் சந்தேகமானது. பக்கத்து ஃபீல்டர் மேல் பட்டு, தரையில் பட்டு, கீப்பர் மொயின் கான் கைக்குப் போனதாக இன்றுவரை பேச்சு. அன்றைக்கு ஏன் பாட்டில் பறக்கவில்லை? அடுத்து வந்த 136 ரன் பார்ட்னர்ஷிப் அந்தக் கோபத்தை மறக்கடித்துவிட்டது. ஈடனில் சச்சின் போன பிறகு அப்படி ஒன்று அமையவில்லை.

அதே ஈடனில் நடந்த 1996 உலகக் கோப்பை அரையிறுதிக்கு இந்த விளக்கமும் பத்தாது. இலங்கை 251. இந்தியா 98க்கு 1 என்று இருந்து 120க்கு 8. அம்பயர் மேல் யாருக்கும் புகாரில்லை, பிட்ச்தான் உடைந்து சுழன்றது. ஆனாலும் பாட்டிலும் நெருப்பும். மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் அணிகளை வெளியே கூப்பிட்டு, சற்று நேரம் கழித்துத் திரும்ப இறக்கிப் பார்த்தார். மறுபடி பாட்டில் வந்ததும் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். டாஸ் ஜெயித்துப் பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்த சொந்தக் கேப்டன் மேல் இருந்த கோபம் அது. இலங்கைக்காரர்கள் பாவம், நடுவில் நின்றார்கள்.

வாலாஜா ரோடு:

1999ஐப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், அதற்கு ஒத்திகை 1997 மே 21 அன்றே நடந்துவிட்டது. பாகிஸ்தானின் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 146 பந்தில் 194. விவியன் ரிச்சர்ட்ஸின் 189ஐத் தாண்டி ஒரு நாள் ஆட்டத்தில் உலக சாதனை, அதுவும் மே மாத சென்னை வெயிலில், பாதி நேரம் தனக்காக ஓட ஒரு ரன்னர் வைத்துக்கொண்டு. அதைக் கை தட்டி அனுப்பிய மைதானம் இது. டிராவிட் தன் முதல் ஒரு நாள் சதத்தை அடித்ததும் அன்றைக்குத்தான், அவரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

டிரிங்ஸ் பிரேக்:

வரலாறு இருக்கட்டும். இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகிறவர்களுக்கு உபயோகமாக நாலு விஷயம்.

கால்பந்து மாதிரி கிரிக்கெட்டில் எதிரணி ரசிகர்களுக்குத் தனித் தடுப்பு கிடையாது, பக்கத்து சீட்டிலேயே உட்காருவார்கள். ஆறேழு பேர் சேர்ந்து போனால் வரிசையின் நடுவில் உட்காருங்கள். நடைபாதை ஓரத்து சீட்டில்தான் எழுந்து போகிறவர், வழி மறைக்கிறவர் என்று தகராறு ஆரம்பிக்கும். கேலரி வரிசையாக எழுந்து உட்காரும் மெக்சிகன் வேவ் வரும்போது எதிரணி ஜெர்சிக்காரரையும் சேர்த்துக்கொண்டால் அந்த வரிசையில் அன்று முழுக்க பிரச்சினை வராது. சின்ன விஷயம்தான், ஆனால் வேலை செய்யும்.

பவுலருக்குப் பின்னால் இருக்கும் சைட் ஸ்கிரீனுக்கு மேலேயும் பக்கத்திலேயும் உட்காருபவர்கள் ஓவர் முடிந்த பிறகுதான் எழ வேண்டும். ஒருவர் நகர்ந்தால் பேட்ஸ்மேன் கை காட்டி நிறுத்துவார், பவுலர் பாதி ஓட்டத்தில் நின்று திரும்பி நடக்க வேண்டும். நம்ம பவுலருக்கு நாமே செய்கிற கெடுதல் அது. ஃபோன் வெளிச்சத்தைப் பிட்ச் பக்கம் அடிப்பதும் அப்படியே. சத்தம் போடலாம், தாராளமாக. பவுலர் ஓடி வரும்போது கை தட்டலை ஏற்றிக்கொண்டே போவது ஆட்டத்தின் அழகு. பந்து கையை விட்டுப் போகும் நொடியில் தனிக் குரலாகக் கத்துவதுதான் அசிங்கம்.

பவுண்டரி லைனில் நிற்கும் ஃபீல்டரைக் கிண்டல் செய்யலாம், எல்லை உண்டு. விட்ட கேட்ச், போன ஓவரில் வாங்கிய சிக்சர், எல்லாம் சரி. நிறம், மதம், அம்மா, அக்கா ஆகியவற்றில் கை வைத்தால் அது கிண்டல் இல்லை. 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்ட்டில் இந்திய பவுலர் சிராஜ் அம்பயரிடம் புகார் சொன்னதும் ஆட்டம் நின்றது, ஆறு பேரை வெளியேற்றினார்கள். வேண்டுமானால் மைதானத்தை விட்டு வெளியேறலாம் என்று அம்பயர்கள் சொன்னதைக் கேப்டன் ரஹானே ஏற்கவில்லை. ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

உங்கள் வரிசையிலேயே ஒருவர் அப்படிக் கத்தினால் நேரே போய்ச் சண்டை போடாதீர்கள், பத்து பேர் எழுந்தால் யார் கத்தினார் என்பதே மறைந்துவிடும். ஸ்டாண்ட் பெயர், வரிசை, சீட் நம்பர் மூன்றையும் குறித்து, பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் அப்போதே சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு சொன்னால் சீட் காலியாக இருக்கும்.

கடைசியாகத் தண்ணீர். பகலிரவு ஆட்டத்தில் மதியம் உள்ளே போகிற ஆள் காலி வயிற்றோடு, நாக்கு வறண்டு, ராத்திரி கடைசிப் பத்து ஓவருக்கு வரும்போது பக்கத்தில் இருப்பவர் தும்மினாலும் கோபம் வரும். பாட்டிலை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆகவே உள்ளே இன்னிங்ஸ் இடைவேளைக்கு முன்பே போய்க் குடித்துவிடுங்கள். இடைவேளையில் கூட்டம் தாங்காது.

கொள்ளுப்பிட்டி:

ஈடன் பற்றிக் கதைத்ததால் இதையும் சொல்ல வேணும். 1996 ஜனவரி 31 கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கே இலங்கையில் விளையாட வர மறுத்தவை. பிப்ரவரி 13 அன்று பிரேமதாச மைதானத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்த ஒரே அணி இலங்கைக்கு எதிராக இறங்கினது. கேப்டன் அசாருதீன். வாசிம் அக்ரம் வீசின பந்தில் களுவித்தாரணவின் கேட்சைப் பிடிச்சது சச்சின். அந்த வரியை ஸ்கோர்கார்டில் வாசிக்கும்போது இப்பவும் நம்ப ஏலாது. அதே உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் லாகூர்க் கூட்டம் இலங்கைக்குத்தான் கத்தினது.

சேப்பாக்கத்தை மட்டும் கோவில் ஆக்கவேண்டாம். 2013 ஐபிஎல் நேரம் தமிழ்நாட்டு அரசியல் சூழ்நிலையால் எந்த இலங்கை வீரரும் சென்னையில் விளையாடக்கூடாது என்று முடிவாச்சு. முத்தையா முரளிதரன், கண்டித் தமிழர், 2008 முதல் 2010 வரை சென்னை அணியின் சொந்த ஆள், அவருக்கும் அதே தடைதான். அது கேலரி எடுத்த முடிவு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் வெளியில் எடுக்கிற முடிவுக்குக் கேலரியும் உட்பட்டதுதான்.

ஸ்கோர்புக்:

கொள்ளுப்பிட்டி நண்பர் சொல்வது சரி. 2025 ஆசியக் கோப்பையில் துபாயில் இந்திய வீரர்கள் பாகிஸ்தான்காரர்களோடு கை குலுக்காமல் போனதும் அந்தக் கணக்கில்தான் வரும். அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், கேலரியில் உட்காருபவருக்கு அதில் ஓட்டு கிடையாது.

ஒரு விதி மட்டும் சொல்கிறேன், சண்டை வரும்போது உதவும். அவுட் கேட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பெறலாம். பந்துவீசும் அணியின் கேப்டன் கேட்க வேண்டும், அம்பயர் சம்மதிக்க வேண்டும், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள் நடக்க வேண்டும். 2011 டிரென்ட் பிரிட்ஜில் டீக்கு முந்தைய கடைசிப் பந்தில் ரன் அவுட் ஆன இங்கிலாந்தின் இயன் பெல்லை டீ முடிந்து தோனி இப்படித்தான் திரும்ப ஆட வைத்தார். 137ல் இருந்தவர் 159 வரை போனார். 1999 ஈடனில் வாசிமும் இதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை, சட்டப்படி தப்பும் இல்லை.

வாலாஜா ரோடு அவர்கள் பட்டியலில் ஒன்று விடுபட்டுவிட்டது. 2012 டிசம்பர் 30, சேப்பாக்கம். இந்தியா 29க்கு 5. தோனி அவுட் ஆகாமல் 113, கூடவே நம்ம அஸ்வின் 31. பாகிஸ்தான் ஆறு விக்கெட்டில் ஜெயித்தது, நசீர் ஜம்ஷெத் சதம். ஆட்ட நாயகன் தோனி. 1999ல் சச்சினும் தோற்ற அணியிலிருந்துதான் ஆட்ட நாயகன் ஆனார்.