உதவி: 8 மில்லியன் ஆளைக் காயப் பட்டியலில் போட்டும் இடம் பற்றவில்லை

நாலாம்லைன்:
நண்பர்களோடு ஆடும் என்ஹெச்எல் மேனேஜர் ஆட்டம். என் சென்டருக்கு முழங்கால் போய்விட்டது, 8 மில்லியன் டாலர் ஆள். காயப் பட்டியலில் போட்டாயிற்று. அணியின் சம்பள வரம்பில் ஏற்கெனவே 4 மில்லியன் மிச்சம் இருந்தது. ஆக 12 தானே? 10 மில்லியன் டிஃபன்ஸ்மேனை வாங்கப் போனால் கணக்குத்தாள் சிவப்பாகிறது! இன்று இரவு டெட்லைன். அவசரம்.

மதுரைமைந்தன்:
ஹாக்கிக்கு இவ்வளவு சம்பளமா? தமிழ்நாடு டிராகன்ஸ் பற்றி என்று நினைத்து உள்ளே வந்தேன் 😀

பனிப்பூனை:
இது ஐஸ் ஹாக்கி அண்ணே, வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக். நாலாம்லைன், எந்த சீசன் விதி? 2024-25 என்றால் ஓர் அணியின் சம்பள வரம்பு 88 மில்லியன், அடுத்த ஆண்டு 95.5. சாதா ஐஆரா (காயப் பட்டியல்), எல்டிஐஆரா (நீண்டநாள் காயப் பட்டியல்)? சாதா ஐஆரில் போட்டால் ஆள் இடம்தான் காலியாகும், சம்பளம் அப்படியே நிற்கும்.

ரிங்க்ராஜா:
அணியில் அனுமதித்த 23 பேரைத் தாண்டியிருப்பீர்கள். எப்போதும் அதுதான்.

கேப்கணக்கர்:
விதிகளைப் படித்துவிட்டு ஆட வரலாமே. இதே கேள்விக்கு ஏற்கெனவே இரண்டு முறை பதில் எழுதியாயிற்று.

பனிப்பூனை:
அந்தப் பதிலின் சுட்டியையாவது கொடுங்கள் சார்.

ஓரம்போ:
சும்மா இருக்கும் ஒருவரை ஏஹெச்எல்லுக்கு (கீழ்நிலை லீக்) அனுப்புங்கள், முடிந்தது வேலை.

கேப்கணக்கர்:
முடியாது. 2024-25இல் கீழே அனுப்பினால் ஒருவருக்கு அதிகபட்சம் 1.15 மில்லியன்தான் கழியும். மீதி தலைமேல்தான்.

நாலாம்லைன்:
2024-25. எல்டிஐஆர்தான். 22 பேர். தாள் 2 மில்லியன் அதிகம் என்கிறது.

பனிப்பூனை:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எல்டிஐஆர் புது இடம் தராது, வரம்பைத் தாண்ட அனுமதிதான் தரும். போடும்போது இருந்த மிச்சம் அதில் கழிந்துவிடும்: 8-4=4. உங்கள் மொத்தம், காயமானவரையும் சேர்த்து, 88+4=92 வரை போகலாம். இப்போது 84இல் இருக்கிறீர்கள். ஆக, வாங்க முடிவது 8தான். முதலில் ஏஹெச்எல் பையன்களை மேலே அழைத்து 88ஐ ஒட்டி நிரப்பிக்கொண்டு, அப்புறம் எல்டிஐஆரில் போட்டு, அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் கிட்டத்தட்ட முழு 12 கிடைத்திருக்கும். (உங்கள் தாள் சம்பளத்தை நாள்கணக்கில் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.)

ரிங்க்ராஜா:
இதெல்லாம் டாம்பா அணி செய்த தில்லுமுல்லு. 2020-21இல் அவர்கள் ஆட்டக்காரர் குச்சரோவ் லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை, பிளேஆஃபில் (கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள்) வந்து 32 புள்ளி!

ஓரம்போ:
இடுப்பில் அறுவை சிகிச்சை செய்தவர் ஐயா. பிளேஆஃபுக்கு அப்போது வரம்பே கிடையாது. விதியில் இருந்த ஓட்டை.

ரிங்க்ராஜா:
கோப்பையை வாங்கிவிட்டு, வரம்புக்கு 18 மில்லியன் மேலே என்று அச்சடித்த டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றாரே, அது வயிற்றெரிச்சலைக் கிளப்பாதா?

ஓரம்போ:
எனக்குக் கிளப்பவில்லை. 2023இல் வேகாஸ் அணி, காயத்தில் இருந்த ஸ்டோனை இதே மாதிரி கொண்டுவந்தபோது நீங்கள்தான் கைதட்டினீர்கள்.

கேப்கணக்கர்:
2025-26 முதல் பிளேஆஃபுக்கும் வரம்பு வந்துவிட்டது. தலைப்புக்கு வாருங்கள். நாலாம்லைன், விற்பவரைப் பாதிச் சம்பளம் சுமக்கச் சொல்லுங்கள், 50 சதவீதம் வரை விதியில் இடமுண்டு.

நாலாம்லைன்:
சுமக்கிறார்களாம். 5 மில்லியனுக்கு வந்துவிட்டார். பதிலுக்கு என் இரண்டாம் சுற்று பிக் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) போச்சு. நன்றி!

ரிங்க்ராஜா:
ஸ்டோன் விஷயம் வேறு, ஓரம்போ.