மேசைக்கடியில் ஒளியும் பிள்ளைகள்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சண்டை ஓய்ந்து எங்கள் பள்ளி திறந்து ஆறு வாரம் ஆகிறது. ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். கதவு பட்டென்று சாத்தினாலே நாலைந்து பிள்ளைகள் மேசைக்கடியில் போய்விடுகிறார்கள். ஒரு பையன் வகுப்பு முழுக்கத் தூங்குகிறான். இரவில் கண்ணே மூடுவதில்லை என்கிறார் அவன் பாட்டி. வாயாடியாக இருந்த ஒருத்தி இப்போது பேர் கூப்பிட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாள்.

முதல் வாரம் நானும் ஒரு தப்பு செய்தேன். ‘நடந்ததை எழுதுங்கள்’ என்று கட்டுரை கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் நடுங்கி அழுதார்கள். அப்புறம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேட்டைப் படித்தேன். பார், காது கொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணை என்ற மூன்றுதான் அதன் அடிப்படை; நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது.

இப்போது மாறாத நேர அட்டவணை, காலையில் மூச்சுப் பயிற்சி, விருப்பப்பட்டால் படம் வரையலாம். மணியடிப்பதை நிறுத்திக் கையசைத்துக் கூப்பிடுகிறோம். இந்தச் சின்ன மாற்றத்துக்குத்தான் பலன் அதிகம், நம்புங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் அறிகுறிகள் குறையாதவர்களை மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று தெரியும். ஆனால் பக்கத்தில் யாரும் இல்லை. காணொளி வழியாகப் பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவர் யாரையாவது தெரியுமா? இரு தரப்புக் குடும்பப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இப்படி வகுப்பு நடத்தியவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? சக ஆசிரியர்கள் சிலரும் வீட்டை இழந்தவர்கள், அவர்களுக்கும் ஏதாவது வேண்டும்.

பதிலில் பிள்ளைகளின் பெயரோ படமோ போடாதீர்கள்.